இருண்ட திரை சொல்லும் செய்தி

நுழையும்முன்

இயங்க மறுக்கும் பழைய இயந்திரத்தைக் குப்பையென ஒதுக்குவது எளிது. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் எளிதே. எவ்விடத்தில், எதனால் அது நின்றது என்பதை அதன் நடத்தையைக் கொண்டே கண்டறிவதுதான் அரிது. நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வீட்டுக் கணினி ஒன்றின் பழுதை அறிந்து நீக்கும் முறையை இப்பாடப்பகுதி விளக்குகிறது.

பரணில் உறங்கிய பெட்டி

1982ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற நுகர்வோர் மின்னணுப் பொருள் கண்காட்சியில் கமடோர் நிறுவனம் புதிய கணினி ஒன்றை அறிமுகப்படுத்தியது. தடித்த விசைப்பலகை போலத் தோன்றிய பழுப்புநிறப் பெட்டிக்குள்ளேயே கணினி முழுவதும் அடங்கியிருந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. ஒலிநாடாவோ நெகிழ்வட்டோ அதற்குச் சேமிப்பிடம். 64 கிலோபைட் நினைவகம் பெற்றிருந்தமையால் அது கமடோர் 64 எனப் பெயர்பெற்றது. தொடக்க விலை 595 டாலர். 1994இல் அந்நிறுவனம் நொடித்துப்போகும் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட கமடோர் 64 கணினிகள் விற்பனையாயின. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அன்றைய மேற்கு ஜெர்மனியிலும் நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர் பலர் முதன்முதலில் நிரல் எழுதிப் பழகியது இத்தகைய கணினியில்தான்.

அச்சிறுவர்கள் வளர்ந்து வீட்டைவிட்டு வெளியேறினர், கணினிகள் பரணேறின. இன்று அவை மீண்டும் கீழிறங்கி வருகின்றன. அவற்றுள் பல, மின்னிணைப்புக் கொடுத்ததும் சிவப்பு விளக்கை மட்டும் ஒளிரவிட்டுத் திரையை இருளிலேயே வைத்திருக்கின்றன.

அப்பெட்டியைப் பழுதுபார்ப்பதால் என்ன பயன் என்னும் வினா எழலாம். இன்றைய எளிய கைப்பேசியின் ஆற்றலுக்கு முன் அதன் ஆற்றல் ஒரு பொருட்டன்று. எனினும் அக்கணினியோடு கட்டப்பட்ட செய்திகள் உள்ளன. சிறுவன் ஒருவன் எழுதி ஒலிநாடாவில் பதிந்துவைத்த நிரலை இன்றைய கணினி எதுவும் நேரடியாகப் படிக்காது. புகழ்பெற்ற ஓவியர்க்கும் இதே நிலைதான். ஆண்டி வார்ஹோல் 1985இல் அதே நிறுவனத்தின் அமிகா கணினியில் வரைந்த படங்கள் நெகிழ்வட்டுகளிலேயே முடங்கிக் கிடந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவற்றை மீட்டெடுத்த செய்தி 2014இல்தான் வெளியானது. பழைய கணினியின் நடத்தையைப் புதிய கணினியில் போலச்செய்து காட்டும் மென்பொருள்கள் இன்று உள்ளன என்பது உண்மையே. ஆயினும் அம்மென்பொருள்கள் சரியாக நடிக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உயிருள்ள மூலக் கணினி ஒன்று வேண்டும்.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. இக்கணினியின் தனிச்சிறப்பான சில்லுகளை இன்று எவரும் உருவாக்குவதில்லை. பழுதுபார்ப்பவர் அவசரத்தால் ஒரு சில்லைக் கெடுத்துவிட்டால் உலகில் எஞ்சியிருக்கும் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. எனவே இத்தொழிலில் கைக்கு முன்னே கருத்து செல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் குற்றவாளி வெளியே

பரணிலிருந்து இறக்கிய கணினியைக் கண்டதும் எவர்க்கும் தோன்றும் முதல் ஆசை, அதை மின்னிணைப்பில் செருகிப் பார்ப்பதுதான். அதுவே பெரும்பிழையாக முடியலாம்.

கமடோர் 64இன் மின்வழங்கி கணினிக்கு வெளியே, தனிப்பெட்டியாக இருக்கும். வீட்டு மின்சாரத்தைப் பெற்று அது இருவகை மின்சாரத்தைத் தருகிறது. ஒன்று 5 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். மற்றொன்று 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அப்பெட்டியின் உட்புறம் பல நாடுகளில் பிசின் ஊற்றிக் கெட்டியாக்கப்பட்டிருந்தது. வெப்பம் எளிதில் வெளியேறாத அச்சூழலில், 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் உறுப்பு ஆண்டுக்கணக்கில் வெந்து நலிகிறது. அது கெடும் விதம்தான் கொடியது. மின்சாரம் வராமல் நின்றுபோனால் கேடு எதுவும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்து மின்னழுத்தம் மேலேறினால், கணினியின் நினைவகச் சில்லுகள் அந்த மிகையழுத்தத்தை நேரடியாக ஏற்றுச் செத்துப்போகின்றன. அக்காலச் சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அவ்வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கணமும் அவற்றின் ஆயுளைத் தின்கிறது.

மின்வழங்கியை மட்டும் தனியே செருகி மல்டிமீட்டரால் அளந்தால் 5 வோல்ட் சரியாகவே காட்டக்கூடும். அதை நம்புவதற்கில்லை. பளு ஏதுமின்றி நலமாகத் தோன்றும் மின்வழங்கி, கணினியை இயக்கத் தொடங்கிச் சூடேறியபின் தடம்மாறலாம். ஆகவே தேர்ந்தவர்கள் பழைய மின்வழங்கியைப் பயன்படுத்துவதே இல்லை. இன்று புதிதாகத் தயாரிக்கப்படும், மிகையழுத்தத் தடுப்புள்ள மின்வழங்கியைக் கொண்டே ஆய்வைத் தொடங்குகின்றனர். பழையதைத் திறந்து செப்பனிட முயல்வதும் வேண்டாத துணிவு. வீட்டு மின்சாரம் பாயும் பகுதி அது. போதிய பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாத இடம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் உட்புறமும் அத்தகையதே. இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயிரைப் பறிக்கவல்ல மின்னூட்டம் அதில் தங்கியிருக்கலாம்.

இருளில் இருவகை

புதிய மின்வழங்கி இணைக்கப்பட்டது. சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. திரை இருண்டே இருக்கிறது. இனி என்ன?

விளக்கு ஒளிர்வதால் மின்சாரம் முழுமையாக வந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. அவ்விளக்கு 5 வோல்ட் பாதையில் மட்டும் இணைக்கப்பட்டது. 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வேறொரு பாதையில் நுழைந்து, பலகையிலுள்ள சிறு கண்ணாடி உருகி ஒன்றின் வழியே செல்கிறது. அங்கிருந்துதான் படத்தை உருவாக்கும் சில்லுக்கும் ஒலியை உருவாக்கும் சில்லுக்கும் தேவையான 12 வோல்ட் பெறப்படுகிறது. கடிகாரச் சுற்றுக்குத் தனியாக வேண்டிய இன்னொரு 5 வோல்ட்டும் அதே வழியில்தான் வருகிறது. உருகி எரிந்துபோனால் விளக்கு வழக்கம்போல் ஒளிரும். படம் மட்டும் வராது. சில காசு விலையுள்ள உருகிக்காக அரிய சில்லுகளைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

எனவே திரையின் இருளைக் கூர்ந்து நோக்க வேண்டும். கணினியை இயக்கும்போது தொலைக்காட்சி எவ்வாறு நடந்துகொள்கிறது? இயக்கிய பின்னும் இரைச்சற்புள்ளிகளே தெரிந்தாலோ, ‘சமிக்ஞை இல்லை’ என்னும் அறிவிப்பு வந்தாலோ, கணினியிலிருந்து படக்குறிப்பலை எதுவும் வரவில்லை என்பது பொருள். மாறாக, இரைச்சல் நீங்கி அசைவற்ற கருமை படர்ந்தால் செய்தி வேறு. அக்கருமை ஒரு படம். படச்சில்லு முறையாக வரைந்தனுப்பிய கறுப்புநிறப் படம்.

இவ்வேறுபாட்டிலிருந்து பெறப்படுவன பல. அசைவற்ற கருமை தெரிந்தால் படச்சில்லு உயிருடன் உள்ளது. அது உயிருடன் இருப்பதால் 12 வோல்ட் வருகிறது, கடிகாரத் துடிப்பு வருகிறது, உருகி எரியவில்லை. நுண்செயலிக்குரிய துடிப்பை வழங்குவதும் இப்படச்சில்லுதான். ஆகவே நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் துடிப்புகள் 6510 எனப்படும் நுண்செயலியைச் சென்றடைகின்றன என்றும் எதிர்பார்க்கலாம். திருப்புளியைக் கையிலெடுக்கும் முன்னரே பலகையின் பாதி ஐயத்திலிருந்து விடுபட்டுவிட்டது.

ஊகத்தை அளவீடு உறுதிசெய்ய வேண்டும். மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பொதுப்புள்ளியில் வைத்து, 12 வோல்ட்டையும் இரண்டு 5 வோல்ட் பாதைகளையும் அளந்து பார்க்கின்றனர். இதைச் செய்யும்போது உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் சில்லுகளைத் தாக்காதவாறு, மணிக்கட்டுப் பட்டை அணிந்து அதைப் புவியிணைப்பில் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

நினைவகம் தன்னையே சோதிக்கும் கதை

மின்னழுத்தங்கள் சரி, படச்சில்லும் சரி. ஆயினும் திரை ஏன் கறுப்பாகவே இருக்கிறது? இதற்கு விடைகாணக் கணினி விழித்தெழும் முறையை அறிய வேண்டும்.

இயக்கியவுடன் நுண்செயலி, நிலை நினைவகத்தில் பொறிக்கப்பட்ட தொடக்க நிரலை நாடுகிறது. அந்நிரல் முதலில் உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகளை ஒழுங்குசெய்கிறது. அடுத்து நினைவகத்தைச் சோதிக்கிறது. அதன்பிறகே படச்சில்லுக்கு நிறங்களைக் கற்பிக்கிறது. நீலப் பரப்பும் அதைச் சூழ்ந்த வெளிர்நீல ஓரமும் அப்போதுதான் தோன்றும். இந்த வரிசையை மனத்திற்கொண்டால் கறுப்புத்திரையின் பொருள் விளங்கும். நிறம் தரும் கட்டத்தை அடைவதற்கு முன்பே நிரல் எங்கோ தடுக்கி விழுந்துவிட்டது.

அதற்கான காரணங்கள் சில. தொடக்க நிரலைத் தாங்கிய நிலை நினைவகச் சில்லு கெட்டிருக்கலாம். எந்த முகவரிக்கு எந்தச் சில்லு விடையளிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் பி.எல்.ஏ. சில்லு கெட்டிருக்கலாம். கமடோர் 64இல் 64 கிலோபைட் தற்காலிக நினைவகமும் 20 கிலோபைட் நிலை நினைவகமும் ஒரே முகவரிப் பரப்பைப் பங்கிட்டுக்கொள்வதால், பி.எல்.ஏ. இல்லாமல் அங்கே ஒழுங்கே இல்லை. வெப்பத்தால் அடிக்கடி மாண்டுபோகும் சில்லும் அதுவே. எஞ்சியது தற்காலிக நினைவகம்.

அந்நினைவகத்தின் அமைப்பு வியப்புக்குரியது. எட்டுச் சில்லுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 65,536 நுண்ணறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு பிட். நினைவகத்தின் ஒரு பைட் எந்த ஒரு சில்லிலும் முழுமையாக இருப்பதில்லை. எட்டுப் பேர் ஆளுக்கோர் எழுத்தை மட்டும் நினைவில் வைத்து, கேட்கும்போது சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்வது போன்ற ஏற்பாடு அது. ஒருவர் ஊமையானால் எல்லாச் சொற்களிலும் ஒரே இடத்தில் ஓர் எழுத்துக் கெடும். எட்டில் ஒரு சில்லு செத்தால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு குறைவதில்லை; 64 கிலோபைட்டும் பயனற்றுப்போகின்றன. நுண்செயலி தான் திரும்பிவர வேண்டிய இடத்தை அந்நினைவகத்தில் குறித்துவைத்துவிட்டுச் செல்கிறது. திரும்பிப் பார்க்கையில் அக்குறிப்பு மாறியிருக்கிறது. அங்கேயே அது வழிதவறுகிறது; திரை இருண்டே நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

நலமான கமடோர் 64 விழித்தெழுந்ததும் ‘38911 பேசிக் பைட்டுகள் உள்ளன’ என்னும் பொருள்பட ஒரு வரியைத் திரையில் காட்டும். 64 கிலோபைட் என்பது 65,536 பைட்டுகளாயிற்றே, ஏன் இந்தக் குறைவு? தொடக்க நிரல் 1024ஆம் முகவரியிலிருந்து ஒவ்வொரு பைட்டிலும் முதலில் 01010101 என எழுதிப் படிக்கிறது. பின்னர் 10101011 என எழுதிப் படிக்கிறது. இதனால் கடைசி பிட் தவிர மற்ற ஒவ்வொரு பிட்டும் 0, 1 ஆகிய இருநிலைகளிலும் சோதிக்கப்படுகிறது. எழுதியது திரும்பி வராத முதல் இடத்தில் நினைவகம் முடிந்தது என்று அது முடிவுகட்டுகிறது. 40960ஆம் முகவரியில் பேசிக் மொழியின் நிலை நினைவகம் குறுக்கே நிற்பதால் எழுதியது அங்கே திரும்பி வராது. பயனாளரின் நிரல் தொடங்குமிடம் 2049. எனவே 40960இலிருந்து 2049ஐக் கழிக்கக் கிடைப்பது 38911. திரையில் இதனினும் குறைந்த எண் தோன்றினால், அதனோடு 2049ஐக் கூட்டினால் பழுதான முகவரி கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக 14335 எனத் தோன்றினால் சோதனை 16384ஆம் முகவரியில் தோற்றிருக்கிறது.

எட்டில் எது?

பழுது நினைவகத்தில்தான் என்று ஐயுற்றாலும் எட்டுச் சில்லுகளில் எது என்பது எஞ்சும் வினா. எளிய சோதனை விரல் நுனியில் இருக்கிறது. கணினியைச் சில நிமிடம் இயக்கி, ஒவ்வொரு நினைவகச் சில்லின் முதுகையும் மெல்லத் தொட்டுப் பார்க்கின்றனர். எட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் ஐயம் அதன்மேல் விழுகிறது. ஆனால் சுடாத சில்லு நல்ல சில்லு என்று உறுதிகூற இயலாது. சூடாகாமலே செத்த சில்லுகள் பல.

இரண்டாவது முறையில், ஐயத்திற்குரிய சில்லின் முதுகின்மேல் நல்ல சில்லு ஒன்றைக் கால்கள் பொருந்துமாறு அமர்த்தி இயக்குகின்றனர். கீழுள்ள சில்லு பேசாமலிருந்தால் மேலுள்ளது அதற்காகப் பேசும்; திரை உயிர்பெறும். கீழுள்ளது பேசாமலிராமல் எப்போதும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தால், மேலுள்ளதன் குரல் எடுபடாது. ஆக, இச்சோதனை வெற்றிபெற்றால் விடை கிடைத்தது. தோற்றால் எதுவும் நிறுவப்படவில்லை. இந்த வேறுபாட்டை உணராமல் நல்ல பலகைகளைக் கைவிட்டவர் பலர்.

மூன்றாவது முறை அறிவார்ந்தது. பழுதுபார்ப்போருக்கெனக் கமடோர் நிறுவனமே ஒரு செருகுபெட்டியை உருவாக்கியிருந்தது. நினைவகம் முற்றிலும் செயலற்ற நிலையிலும் இயங்கவல்ல நிரல் அதனுள் உள்ளது. கணினியின் பின்புறம் அதைச் செருகியதும், பி.எல்.ஏ. சில்லுக்குச் செல்லும் கம்பி ஒன்றின் நிலை மாறுகிறது. உடனே நுண்செயலி தன் வழக்கமான தொடக்க நிரலை விட்டு, பெட்டியிலுள்ள நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. அந்நிரல் நினைவகத்தை நம்பி எதையும் குறித்துவைப்பதில்லை. நுண்செயலியின் உள்ளறைகளை மட்டுமே கொண்டு எட்டு பிட்டுகளையும் சோதிக்கிறது. எழுத்தைக் காட்ட நினைவகம் வேண்டும். அது இல்லாதபோது எவ்வாறு செய்தி சொல்வது? திரை முழுவதையும் மாறிமாறி ஒளிர்வித்து இருளச் செய்கிறது. எத்தனை முறை மின்னுகிறது என்பதே கெட்ட சில்லின் அடையாளம்.

இப்பெட்டியைச் செருகியும் திரை கறுப்பாகவே இருந்தால் அதுவும் ஒரு விடையே. பழுது நினைவகத்தைவிட ஆழத்தில், நுண்செயலியிலோ பி.எல்.ஏ.விலோ இருக்கிறது.

பலகையா, சில்லா?

கெட்ட சில்லு எதுவென அறிந்தபின் அதை அகற்ற வேண்டும். அதன் பதினாறு கால்களும் பலகையின் துளைகளில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டுள்ளன. துளைகளின் உட்சுவரில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. பலகையின் இருபுறத்துத் தடங்களையும் இணைப்பது அப்பூச்சுதான். சூட்டுக்கோலை நீண்டநேரம் வைத்தாலோ, ஈயம் முழுதும் உருகுமுன் சில்லை இழுத்தாலோ, பூச்சு பெயர்ந்து வந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு தடத்தையும் மெல்லிய கம்பியால் கையாலே இணைக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பழுதுபார்ப்பவர் ஒரு முடிவெடுக்கிறார். சில்லு செத்தது உறுதியென்றால் அதைக் காப்பாற்ற முயல்வதில்லை. சிறு வெட்டுக்கருவியால் கால்களை உடலோடு ஒட்டி வெட்டிச் சில்லை எடுத்துவிடுகிறார். பின்னர் எஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி நோகாமல் உருவுகிறார். செத்த சில்லைக் கொடுத்துப் பலகையைக் காக்கும் உத்தி இது. ஐயம் மட்டுமே உள்ள சில்லுக்கு இவ்வழி ஆகாது. வெட்டியபின் அது நல்ல சில்லென்று தெரியவந்தால் மீட்க வழியில்லை. நினைவகச் சில்லைப் பல நிறுவனங்கள் ஒரே அளவில் தயாரித்திருந்தமையால் மாற்றுக் கிடைப்பது கடினமன்று. படச்சில்லும் ஒலிச்சில்லும் அவ்வாறல்ல.

வெறுமையான துளைகளில் புதிய சில்லை நேரடியாகப் பற்றவைக்காமல் முதலில் சாக்கெட் ஒன்றைப் பொருத்துகின்றனர். அடுத்த முறை சூட்டுக்கோலே வேண்டாம். சில்லின் ஒரு முனையிலுள்ள சிறு வெட்டு எத்திசையை நோக்கியிருந்தது என்பதைக் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்வதும் இன்றியமையாதது. திசைமாறிச் செருகிய சில்லு, இயக்கிய நொடியில் அழியக்கூடும்.

ஒன்றன் பின்னே ஒளிந்திருந்த ஒன்று

சில்லு மாற்றப்பட்டது. கணினி இயக்கப்படுகிறது. ஓரிரு நொடி இருளுக்குப் பின் நீலத்திரை விரிகிறது. 38911 என்னும் எண் தோன்றுகிறது. அதன்கீழ் ‘ரெடி’ என்னும் சொல். ஆனால் அதற்கடுத்துக் கண்சிமிட்ட வேண்டிய கர்சர் சிமிட்டவில்லை. விசைகளை அழுத்தினாலும் எழுத்து வரவில்லை.

முதற்பழுதின் பின்னே இரண்டாவது பழுது ஒளிந்திருந்தது. நெடுங்காலம் கிடந்த கணினிகளில் இது அரிதன்று. கர்சர் சிமிட்டுவதும் விசைகள் படிக்கப்படுவதும் ஒரே நிகழ்வைச் சார்ந்தவை. 6526 என்னும் எண்ணுடைய சில்லு ஒன்று நொடிக்கு அறுபது முறை நுண்செயலியின் தோளைத் தட்டி, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி விசைப்பலகையைக் கவனிக்குமாறு அழைக்கிறது. அவ்வழைப்பு வராவிட்டால் கர்சரும் நிற்கும், விசைகளும் ஊமையாகும். கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்க, ஒருசில விசைகள் மட்டும் வேலை செய்யாதிருந்தால் ஐயம் வேறிடம் செல்லும். விசைப்பலகையில் 66 விசைகள் உள்ளன. அவற்றுள் 64 விசைகள் எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட கட்டத்தில் இணைக்கப்பட்டவை. ஒரே வரிசையைச் சேர்ந்த எட்டும் செயலற்றால் கம்பியோ இணைப்போ கெட்டிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செயலற்றால், விசைகளின் அடியிலுள்ள கரிப்பூச்சு ரப்பரில் அழுக்குப் படிந்திருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் அதற்குப் போதும்.

இந்தக் கணினியில் 6526 சில்லுகள் இரண்டு உள்ளன. ஒன்று விசைப்பலகைக்கும் விளையாட்டுக் கைப்பிடிகளுக்கும் உரியது; மற்றொன்று வட்டியக்கி முதலிய வெளிக்கருவிகளுக்கு உரியது. இரண்டும் ஒரே வகை. ஆகவே அவை சாக்கெட்டில் பொருத்தப்பட்டிருந்தால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றிச் செருகிப் பார்க்கின்றனர். கர்சர் சிமிட்டத் தொடங்கி, வட்டியக்கி ஊமையானால் பழுது சில்லோடு இடம்பெயர்ந்துவிட்டது, சில்லுதான் குற்றவாளி. கர்சர் அப்போதும் அசையாவிட்டால் குற்றம் அந்த இடத்தில், பலகையின் தடங்களில் இருக்கிறது. புதிய உறுப்பு எதுவும் வாங்காமல், பத்து நிமிடத்தில் கிடைக்கும் விடை இது.

இச்சில்லு ஏன் கெடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் துளையின் ஊசிகள் எவ்விதத் தடுப்புமின்றி நேராக இச்சில்லைச் சென்றடைகின்றன. கம்பளத்தின்மேல் நடந்துவந்த சிறுவனின் விரல் அந்த ஊசியைத் தொட்டாலே போதும். நிலைமின்னூட்டம் சில்லைத் துளைத்துவிடும்.

எவ்வளவு மாற்றலாம்?

ஏனைய பழுதுகள் சில, தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. எழுத்துகள் சரியாக, நிறங்கள் மட்டும் தாறுமாறாகத் தோன்றினால், நிறங்களுக்கென உள்ள தனிச் சிறுநினைவகம் கெட்டிருக்கிறது. விளையாட்டு இயங்க ஒலி மட்டும் வராவிட்டால், ராபர்ட் யானஸ் வடிவமைத்த ஒலிச்சில்லை நோக்க வேண்டும். மஞ்சளடைந்த மேலுறையை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கச் செய்வோரும் உளர். அது அழகுக்கான வேலையேயன்றிப் பழுதுநீக்கமன்று.

பழைய கணினி என்றாலே மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்னும் வழக்கம் சிலரிடம் உள்ளது. எல்லாக் கணினிக்கும் அது பொருந்தாது. அமிகா 1200 போன்ற பிற்காலக் கணினிகளில் மின்தேக்கிகள் கசிந்து தடங்களை அரிப்பது உண்மை. அமிகா 500 பிளஸ் கணினியில் பற்றவைக்கப்பட்ட மின்கலம் கசிந்து பலகையையே தின்றுவிடுகிறது; அதை உடனே அகற்ற வேண்டும். கமடோர் 64இல் அத்தகைய மின்கலம் இல்லை. அதன் மின்தேக்கிகளும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. காரணமின்றி வைக்கும் ஒவ்வொரு சூடும் பலகைக்கு ஒரு காயம்.

ஒலிச்சில்லு செத்தால் இன்று அதைப் போலச்செய்யும் புதிய மாற்றுறுப்புகள் கிடைக்கின்றன. ஆயினும் 6581 என்னும் அம்மூலச்சில்லின் ஒலிவடிப்பான் சில்லுக்குச் சில்லு சற்றே மாறுபடும். ஒரே இசை இரண்டு கணினிகளில் இருவேறு குரலில் ஒலிக்கும். மாற்றுறுப்பு கணினியைப் பேசவைக்கும். அந்த வீட்டில் கேட்ட அதே குரலைத் தராது. அருங்காட்சியகத்துக்குரிய கணினியா, நாள்தோறும் பயன்படுத்தப்போகும் கணினியா என்பதைப் பொறுத்து இம்முடிவு வேறுபடும். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய உறுப்பை உறையிலிட்டுக் கணினியோடு வைப்பது நல்ல வழக்கம்.

ஒலிநாடா சுழல்கிறது

கர்சர் சிமிட்டத் தொடங்கியபின் ஒலிநாடாக் கருவியின் முறை வருகிறது. அதன் ரப்பர் வார் இறுகியிருந்தால் மாற்றி, படிக்கும் முனையை ஆல்கஹாலால் துடைக்கின்றனர். பரணிலிருந்து கணினியோடு இறங்கிய நாடா ஒன்று செருகப்படுகிறது. ஏற்றுமாறு கட்டளை தட்டச்சு செய்ததும், கருவியின் விசையை அழுத்துமாறு கணினி கேட்கிறது. அழுத்தியவுடன் திரையிலுள்ள எழுத்துகள் அனைத்தும் மறைகின்றன.

இப்போது யாரும் திடுக்கிடுவதில்லை. படச்சில்லு அவ்வப்போது நுண்செயலியின் நேரத்தைப் பறித்துக்கொள்ளும். நாடாவின் ஒலியை நுண்ணிய காலக்கணக்கில் அளக்க வேண்டிய நுண்செயலிக்கு அது இடையூறு. எனவே கணினி தானே படத்தை நிறுத்திவைக்கிறது. இம்முறை திரையில் பரவுவது கருமையன்று, ஓரத்தின் வெளிர்நீலம். சில நொடிகளில் எழுத்துகள் திரும்புகின்றன. ‘கண்டறியப்பட்டது’ என்னும் பொருள்தரும் சொல்லுக்குப் பக்கத்தில், நாடாவில் அந்நிரலைப் பதிந்த சிறுவன் அதற்கு இட்ட பெயர் தோன்றுகிறது.